பதவிக்கு முன் வேலையைக் கேட்ட எஸ்தரக்கா

செய்தியைச் சொன்னவள் பாத்திமா. அவள் இப்போது மின்துறையில் மேற்பார்வைப் பொறியாளர். காலையில் போன் செய்து, "அக்கா, எஸ்தரக்கா போயிட்டாவ" என்றாள். அந்தப் பக்கம் யாரோ வந்து அவளிடம் ஏதோ ஒரு மின்தடையைப் பற்றிக் கேட்டார்கள். "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லி, அவருக்குத் தெளிவான குரலில் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடி போனுக்கு வந்து அழுதாள். எஸ்தரக்காவுக்கு இந்த வரிசை பிடித்திருக்கும்.

எஸ்தர் ஞானமணி பாளையங்கோட்டைக்காரர். பொறியியல் படித்த பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் மின்துறையில் சேர்ந்தவர். சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வரைபடப் பிரிவுதான். மழையில் நிற்பது, கம்பத்தடிக்குப் போவது, கோபமான கூட்டத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் பெண்களுக்கு எதற்கு என்று அன்பாகவே சொல்லி, மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மேலே போக வேண்டிய நேரம் வந்தபோது, களத்தில் வேலை பார்த்த அனுபவம் இல்லை என்று சொல்லி, அவரைவிட இளையவர் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

நான் அப்போது அதே அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். ஆறுதல் சொல்லலாம் என்று அவர் மேசைக்குப் போனேன்.

"ஆறுதல் வேண்டாம்ட்டி கோமதி. அவங்க சொன்னது நெசந்தான? அனுபவம் இல்ல. ஏன் இல்லன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "நம்மள மேல போகாதன்னு யாரும் சொல்லல. மேல போகணும்னா எந்த வேலை தெரியணுமோ, அத மட்டும் நம்ம கையில தரல. நாமளும் கேக்கல" என்றார்.

கேட்டார். நாற்பத்தைந்தைக் கடந்த வயதில் அம்பாசமுத்திரம் பக்கம் களப்பணிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கோபத்தில் போகிறார், ஒரு மழைக்காலம் தாங்க மாட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வயல் வரப்புகளில் நடந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஓரளவு பிடிபட்டதும், எங்களை ஒவ்வொருவராகக் களத்துக்கு இழுக்க ஆரம்பித்தார்.

என் வீட்டில் மாமனார் சம்மதிக்கவில்லை. ஒருநாள் எஸ்தரக்காவே வந்துவிட்டார். மாமனார் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "வீட்டுப் பிள்ளையக் கம்பத்துல ஏத்தப் போறீங்களாம்மா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"கம்பத்துல இல்லய்யா. நீங்க உக்காந்திருந்தீங்களே, அதுமாதிரி ஒரு நாற்காலியில. ஆனா அதுக்கு வழி அங்கன கூடித்தான் போகுது. நீங்க வெள்ளத்துல படகுல போனவங்கதான? வீட்டுல இருந்துகிட்டா தாசில்தார் ஆனீங்க?"

மாமனார் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் நான் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு துணைமின் நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனேன்.

சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நாங்கள் கூடுவோம். வேடிக்கையான கூட்டம் அது. எங்களில் ஒருத்தி செயற்பொறியாளராக உட்கார வேண்டும். எஸ்தரக்கா எழுந்து நின்று விவசாயியாக மாறுவார். "ஏம்மா, எங்கன பாத்தாலும் நாத்து காயுது, நீ காத்தாடிக்குக் கீழ உக்காந்து காகிதம் பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று மேசையில் அடித்துக் கத்துவார். அடுத்த நொடி பத்திரிகைக்காரர். அதற்கடுத்து தொழிற்சங்கத் தலைவர். நாங்கள் சிரித்தால் திட்டுவார். திக்கினால் இன்னும் திட்டுவார். பட்ஜெட் கூட்டத்தில் குறுக்கே பேசுகிறவரை எப்படிப் பைய நிறுத்துவது என்பது வரை பழக்கினார். அவர் கடுமை எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. ஒருத்தி பாதியில் நின்றுவிட்டாள். இன்னொரு நாள் பாத்திமா அழுதுகொண்டு எழுந்தபோது, "அழு, தப்பில்ல. அழுதுட்டுத் திரும்பி வா. வரணும், அதுதான் முக்கியம்" என்றார். பாத்திமா முகம் கழுவிவிட்டு வந்தாள்.

நான் நிலையத்துக்குப் பொறுப்பேற்ற வருஷம் ஆடிக்காற்று பேயாய் அடித்தது. மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்து, வயல்களில் பம்புசெட்டெல்லாம் நின்றுவிட்டன. என் நிலையத்து வாசலில் விவசாயிகள் உட்கார்ந்துவிட்டார்கள். பிற்பகலில் பெரும்பாலான பழுதுகள் முடிந்துவிட்டன. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் போன ஒரு குழு மட்டும் 'லைன் கிளியர்' திருப்பித் தரவில்லை. வேலை முடிந்தது, ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று அந்தக் குழு சொல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர்களோடு எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். "இந்நேரம் இறங்கியிருப்பாங்க. லைன சார்ஜ் பண்ணும்மா, கரண்டக் கொடு. வாசல்ல கலவரமாகிடும்." பார்வையிட வந்திருந்த எஸ்தரக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பதவியில் என்னைவிடப் பெரியவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காத. நிலையம் உன் பொறுப்பு" என்றார்.

"முடியாது சார். அவங்க வந்து சொல்லாம கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு வாசலுக்குப் போய் விவசாயிகளிடம் உள்ளதைச் சொன்னேன். வைதார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஜீப் வந்தது. வழியில் இன்னொரு மரம் விழுந்து வேலை இழுத்துவிட்டதாம். நான் போனில் பேசிய நேரத்தில் இரண்டு லைன்மேன்கள் கம்பத்து உச்சியில் இருந்திருக்கிறார்கள்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஆய்வுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எஸ்தரக்கா எனக்காகப் பேசிவிடுவார் என்று நம்பிப் போனேன். அவரிடம் கேட்டபோது, "முடிவு கோமதி எடுத்தது. அவளே சொல்லுவா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அறை முழுக்க ஆண்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் முடித்ததும் தலைமை வகித்தவர், "நீங்க செஞ்சது சரி" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் அக்காவிடம் சண்டை போட்டேன். "நான் பேசியிருந்தா, எஸ்தர் காப்பாத்துன பிள்ளைன்னு உன்னச் சொல்லியிருப்பாங்க. இப்ப கோமதின்னு சொல்லுவாங்க" என்றார். அன்று அது எனக்குச் சமாதானமாக இல்லை. பின்னால், என் பதவி உயர்வுப் பேச்சில் முதலில் எழுந்தது அந்த ஆடிமாதத்து முடிவுதான் என்று தெரிந்தபோது புரிந்தது.

எஸ்தரக்காவும் மேலே போனார். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் மேற்பார்வைப் பொறியாளர் ஆனார். கொஞ்ச காலம்தான். அந்தக் கொஞ்ச காலத்தில் தன் மின்பகிர்மான வட்டத்தில் இருந்த பெண் பொறியாளர்கள் எல்லோரையும் களத்துக்கு மாற்றினார். சிலர் அவர்மேல் புகார் எழுதினார்கள். புகார் எழுதியவர்களில் ஒருத்தி, பாளையங்கோட்டையில் அடக்கம் நடந்தபோது என் பக்கத்தில் நின்று விம்மினாள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையில் மெலிந்து கிடந்தார். உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. "நீ ரிட்டயராகி வெளிய வந்துட்ட. பாத்திமாவும் சீக்கிரம் வந்துருவா. அவளுக்கு அடுத்து யாரு?" என்று கேட்டார். தென்காசியில் ஒரு பெண் நன்றாக வேலை பார்க்கிறாள் என்று ஒரு பெயரைச் சொன்னேன். "சரி. அவளுக்கு அடுத்து?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமா களைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். பதில் இன்னும் என்னிடம் இல்லை. நேற்று தென்காசிக்குப் பஸ் ஏறி அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு அடுத்து யாரு?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.