விருந்துக்குப் போகும் வரிசை

ராஜா உயிரோடு இருந்தவரை ஹார்ட்மோர் பிரபுவின் மாளிகையில் எவரார்டுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவன் தாய் ஒரு நாடகக்காரி, தகப்பன் அவளை மணக்காத ராஜா என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் விருந்துக்கு உள்ளே போகும்போது, பிரபுவின் மகள் ஹொனோரியாவைக் கைபிடித்து அழைத்துப் போவது அவன்தான். அவளைத் தனக்குத் தரும்படி பிரபுவிடம் இன்று கேட்டுவிடுவது என்று வந்திருந்தான். ராஜாவை அடக்கம் செய்தபின் நடக்கும் முதல் விருந்து அது.

மணி அடித்தது. அந்தஸ்துப்படி ஜோடிகள் நகர்ந்தன. பழக்கத்தில் எவரார்ட் ஹொனோரியாவிடம் கையை நீட்டினான்.

"கொஞ்சம் இருப்பா," என்றாள் பிரபுவின் மனைவி, சிரிப்பு மாறாமல். "பெர்சிவல், நீ அவளைக் கூட்டிட்டுப் போ."

பெர்சிவல் ஒரு சீமானின் மூத்த பிள்ளை. "என்ன எவரார்ட், அப்பா இன்னும் சிம்மாசனத்துலதான் இருக்கார்னு நினைப்பா?" என்றான்.

"அப்போ நான் யாரோட போறது, அம்மணி?"

"ஜோடிக்கு ஒரு பொண்ணு குறையுதே. நீ கடைசியா வந்துடேன். நம்ம வீடுதானே!"

ஹொனோரியா தயங்குவாள் என்று எதிர்பார்த்தான். அவள் இயல்பாகப் பெர்சிவலின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடம் தன்னிடம் காட்டிய பிரியம் யாருக்குக் காட்டியது என்று அவனுக்கு அப்போது விளங்கியது. இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

வெளியேறிவிடலாம்தான். ஆனால் தன்னை உள்ளே விடக்கூடிய வேறு வீடு எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் போன பிறகு, தனியாக உள்ளே நடந்தான்.