ஸ்டெல்லா அக்காவின் கண்ணாடிச் சேவல்

பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய ஹெட்லைட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி ஜான் அண்ணன் போன் செய்தார். "அக்கா போயிடுச்சுப்பா. காலைல வேலைக்குக் கெளம்புச்சு, அப்டியே உக்காந்துடுச்சு." ஹெட்லைட்டை அங்கேயே வைத்துவிட்டு பொழிச்சலூருக்கு ஓடினேன்.

பழைய கார் பொம்மை சேர்க்கும் நம் குழுவில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் கார் பொம்மைதான். அந்தக் காலக் கார்களின் முன்னால், ரேடியேட்டர் மூடிமேல் நின்ற கண்ணாடிக் கழுகு, தவளை, மீன். பதினொரு பொம்மை வைத்திருந்தார், கார் ஒன்றுகூட இல்லை. "காரு எதுக்குடா? நிறுத்த எடம் தேடுறதே பேஜாரு."

நான் காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டீர்கள். அக்கா மட்டும், "கைல இன்னா வச்சிகினு கீற, காட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் டீக்கடையில் கூடும்போது, பொம்மை கொண்டுவந்தவர் அதன் குறையை முதலில் சொல்ல வேண்டும். அக்கா வைத்த சட்டம் அது. "விரிசல சொல்லிட்டு அப்பால பெருமை பேசு."

ஒருமுறை போட்டோ எடுக்க அவருடைய சேவல் தலையை வாங்கிப் போனேன். அலகு நுனியில் அரிசியளவு உடைசல். சரிசெய்து கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று பம்மலில் ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்து மெஷினில் தேய்த்து வாங்கிவிட்டேன். நம்மவர்கள் உடைசலைப் பொறுப்பார்கள், தேய்த்ததைப் பொறுக்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா விரலால் தடவினார்.

"யார்ரா தேய்ச்சது?"

"நான்தான்க்கா. சூப்பரா கீதுல்ல?"

"ரோட்ல ஓடுறப்போ கல்லு பட்டு ஒடஞ்ச எடம்டா அது. அத அழிச்சுட்டியே."

கத்தவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

அடுத்த ஞாயிறு சேவலை மேசையில் வைத்து, "அலகு தேய்ச்சது. என் தப்பு" என்றார். எல்லோரும் பிடித்துக்கொண்டீர்கள். "இத்தினி வருசம் சேத்து இன்னா பிரயோஜனம் ஸ்டெல்லா?" என்று கேட்டவரும் இதைப் படிப்பார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கேட்டேன், "ஏன்க்கா அப்டி சொன்ன?"

"நீ வந்தே மூணு மாசம்தான் ஆவுது. நீன்னு தெரிஞ்சா தொரத்திருப்பானுங்க. ஒருநாள் நீயே சொல்லு, போ."

சொல்லவில்லை. ஒரு வருடம் போய்விட்டது. அக்காவும் போய்விட்டார்.

பொம்மைகளை நமக்கே பிரித்துக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, ஒவ்வொன்றின் குறையையும் சொல்லும் சீட்டு எழுத ஜான் அண்ணன் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். சேவலின் சீட்டில், 'அலகு தேய்க்கப்பட்டது. தேய்த்தவன் பிரபு' என்று எழுதினேன்.

அண்ணன் படித்தார். "நான்தான் தேய்ச்சேன்னுல்ல அக்கா சொல்லுச்சு?"

"பொய்ண்ணா. எனக்காகச் சொன்னது."

சீட்டை மடித்து, சேவலோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். "அப்போ இத நீ எத்துனு போ. வேற யாருக்குக் குடுக்க?"

கழுகையும் மீனையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் என்னிடம் இருக்கும். இந்த ஞாயிறு டீக்கடைக்குக் கொண்டுவருகிறேன். அன்று அக்காவைத் திட்டியதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. வந்து என்னைத் திட்டுங்கள்.