அழுத வாயால் ஒரு தாலாட்டு

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். திருவனந்தபுரம் வழுதக்காட்டில், பாட்டுப் பதிவு செய்கிற ஒரு ஸ்டுடியோவில் நான் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கத்து அறைகள் இரண்டு, அவ்வளவுதான். உள் அறையில் சுவரெல்லாம் மெத்தை அடித்திருக்கும். வெளி அறையில் மெஷின்கள். நடுவில் கண்ணாடி. சிவப்பு விளக்கு எரிந்தால் வாளியைக்கூட நகர்த்தக் கூடாது.

எங்களுக்கு ஊர் கன்னியாகுமரி ஜில்லா. கட்டட வேலைக்கு வந்து கரமனைப் பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க முதலில் எனக்குத்தான் ஆள் வரும். நான் வாயைத் திறந்த பிறகும் அழாத மனிதனை இதுவரை பார்த்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பங்காளிச் சண்டையில் பத்து வருடம் பேசாத அண்ணன் தம்பிகள் என் பாட்டில் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

அந்த ஸ்டுடியோவுக்கு ஒரு பாப் பாடகர் வருவார். முப்பது வயதுகூட இராது. தோள் வரை முடி, கழுத்தில் ஏதோ மணி. காதல் பாட்டாகப் பாடி ஒரு கேசட் போட்டு, காலேஜ் பிள்ளைகளிடம் நல்ல பேர் வாங்கியிருந்தார். அம்மா வழியில் தமிழ் உண்டு என்று சொல்வார். பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். இந்தத் தடவை அவர் எடுத்தது வேறு மாதிரி. கேசட் முழுக்க ஒரே கதை. ஒரு பக்கத்தில் ஒருவன் சாகிறான், கடைசி மூச்சிலிருந்து சுடுகாடு வரைக்கும் பாட்டு. கேசட்டைத் திருப்பிப் போட்டால் அவனே கருவாகி, வளர்ந்து, பிறக்கிறான். சாகிறவனும் பிறக்கிறவனும் இவர்தான். இதையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதக்காரர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒருநாள் நான் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். தனக்கு ஒரு ஒப்பாரி வேண்டும், நான் பாடித் தர வேண்டும் என்றார். மெஷின் பார்க்கிற எஞ்சினியர்தான் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"யாரு தவறிட்டாவ?" என்று கேட்டேன்.

"மரிச்சது நான்தன்னே அம்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கிறவனை வைத்து அழுதால் அந்த அழுகை சும்மா போகாது, எங்காவது போய் ஒட்டும். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. நீங்கள் நம்ப வேண்டாம். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். முடியாது என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவரும் விடவில்லை. மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். இரண்டாவது பக்கத்தில் திரும்பப் பிறந்துவிடுகிறானே, பிறகென்ன பயம் என்று விளக்கினார். அந்த இடம்தான் என் மனதில் நின்றது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். அழுகிறவள் அழுதுவிட்டுப் போய்விட்டால் அவன் செத்தவனாகவே கிடப்பான். அழுதவளே தொட்டிலையும் ஆட்டினால், விட்டதை எடுத்த கணக்காகிவிடும் அல்லவா?

மறுநாள் அவரிடம் போய்ச் சொன்னேன். ஒப்பாரி என்றால் உறவு வேண்டும். அம்மாவுக்கு ஒரு சொல், அண்ணனுக்கு ஒரு சொல், புருஷனுக்கு ஒரு சொல். உறவு சொல்லாமல் வாய் எழும்பாது. நான் உனக்கு யார், அதை முதலில் சொல் என்றேன். அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்ப ரெண்டும் எனக்குத்தான் மக்களே. அழுகதும் நான், தாலாட்டுகதும் நான். சம்மதமா?" என்றேன். மகனை எங்கள் பக்கத்தில் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

"சம்மதம், சம்மதம்" என்றார். கையில் இருந்த கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டேதான் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாக்கு வாக்குதானே.

ஒப்பாரி ஒரே தடவையில் முடிந்தது. பின்னால் வாத்தியம் எதுவும் இல்லை. உள் அறையில் என்னைத் தனியாக உட்கார வைத்து, முகத்துக்கு நேரே மைக்கை இறக்கிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, "முத்தம் தெளிக்கும் முன்னே, எனக்க மகனே, முன்வாசல் கடந்தியே" என்று எடுத்தேன். முத்தம் என்றால் எங்கள் பேச்சில் முற்றம். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பாடினேன் என்று எனக்கே தெரியாது. வெளியே வந்தபோது எஞ்சினியர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பாடகர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உயிரோடு நிற்கிறவனை அழுதாகிவிட்டது. சீக்கிரம் அடுத்த பாட்டையும் பாடி முடித்துவிட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் நான் வேலைக்குப் போனபோது உள் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுடிதார் போட்ட பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு தாள் வைத்து மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். யார் என்று எஞ்சினியரிடம் கேட்டேன். பாட்டுக் காலேஜில் படிக்கிறவள், தாலாட்டுப் பாட வந்திருக்கிறாள் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வாளியை அங்கேயே வைத்தேன். நேராக உள்ளே போய் மைக்குக்கு அடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாடகர் ஓடிவந்தார். நான் அன்றைக்குக் கேட்டதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டாராம். தாலாட்டுக்கு வாத்தியமெல்லாம் ஏற்கனவே பதிவாகிவிட்டது, தாளத்துக்குள் நின்று பாட வேண்டும், இந்தப் பெண் எட்டு வருடம் முறையாகப் படித்தவள் என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

"நாலு பிள்ள பெத்தவ நான். நாலும் தாளம் பாத்தா மக்களே ஒறங்கிச்சு?" என்றேன்.

எஞ்சினியர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, படித்த பெண்ணுக்கு அடுத்தவள் தொட்டிலில் கை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்துபோனது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளி அறைக்குப் போய் நின்றாள்.

பாடகர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டுடியோ அன்று ஆறு மணி வரைதான் அவருக்கு, அதற்கு மேல் வேறு ஆள் வருகிறார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"உன்ன நான் சாகடிச்சிட்டேன். அப்பிடியே போட்டுட்டுப் போகமாட்டேன். எந்திரிக்கச் சொல்லாத" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, சரி என்று தலையை ஆட்டினார்.

காதில் பெரிய கருவியை மாட்டினார்கள். அதற்குள் டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி ஒன்று அடித்தது. கூடவே குழல், கிட்டார். வார்த்தை என் இஷ்டம், ஆனால் டிக் டிக்கை விடக் கூடாது என்றார்கள். அவர் எழுதிய பாட்டு மலையாள எழுத்தில் இருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் என் வார்த்தையையே பாட விட்டார்கள்.

முதல் தடவை நான் முன்னால் ஓடிவிட்டேன். இரண்டாவது தடவை பின்தங்கினேன். மூன்றாவது தடவை பயத்தில் குரலே எழும்பவில்லை. ஒப்பாரிக்கு நாம் இழுத்த இழுப்புக்குச் சாவு வீடே வரும். இந்த மெஷின் வராது. ஐந்து, ஆறு, ஏழு தடவை ஆயிற்று. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு முதுகெல்லாம் வியர்வை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிந்தது. ஊரே கூப்பிட்டுப் பாட வைக்கிற வாய் இது. அது இங்கே இப்படித் திணற வேண்டியிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. போனால் அந்தப் பையன் செத்தபடியே கிடப்பானே என்று அடுத்த நொடி தோன்றியது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இன்னொரு தடவை போடுங்கள் என்று சைகை காட்டினேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். என் எதிரில் மண்டியிட்டு, என் வலது கையைப் பிடித்துக் காட்டினாள்.

"அம்மே, பாடும்போ இந்தக் கை எதையோ இழுக்குது. தொட்டில் இல்லாம எப்படிப் பாடுவீங்க?"

எனக்கே தெரியாது அது. நாலு பிள்ளைக்கும் சேலையில் தொட்டில் கட்டி, ஆட்டி ஆட்டித்தான் பாடியிருக்கிறேன். சும்மா இருந்து ஒரு நாளும் தாலாட்டுப் பாடியதில்லை.

அவள் தன் துப்பட்டாவை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். அதற்குள் என் பையை வைத்துப் பிள்ளை கிடக்கிற மாதிரி தொங்கவிட்டாள். என் காதில் இருந்த கருவியைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். டிக் டிக்கை அவள் கேட்டுக்கொள்வாள், அதற்குச் சரியாகத் தொட்டிலை ஆட்டுவாள், நான் தொட்டிலைப் பார்த்துப் பாடினால் போதும் என்றாள். துப்பட்டா சரசரக்கிறது என்று எஞ்சினியர் வெளியிலிருந்து சொன்னார். உடனே மூலையில் கீபோர்டை மூடி வைத்திருந்த பழைய பருத்தி வேட்டியை எடுத்து மாற்றினாள். அதில் சத்தம் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டில் ஆடியது. நான் அதன் நுனியைத் தொட்டுக்கொண்டு, "போன தடம் அழியட்டும், கண்ணே, வந்த தடம் பதியட்டும்" என்று தொடங்கினேன். மெஷினும் மறந்தது, கண்ணாடியும் மறந்தது. தொட்டில் போகும்போது நானும் போனேன், வரும்போது வந்தேன். நடுவில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தபோது, அந்தப் பெண்ணின் கை தோளிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. தாளம் மட்டும் தப்பவில்லை.

முடிந்து விளக்கு அணைந்தபோது பாடகர் உள்ளே வந்து, "அம்மா, நான் பொழச்சேன்" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அந்தப் பெண் கையை உதறிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சினியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேசட்டில் அவள் குரல் முதல்முதலாக வர இருந்தது அந்தப் பாட்டில்தானாம். விதுரா பக்கத்தில் இருக்கிற அவள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். மறுபடி சான்ஸ் எப்போது வருமோ தெரியாது என்றார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவளும் இவர்கள் கூப்பிட்டதால்தான் வந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு வாக்கு கொடுத்துத்தான் இருந்திருக்கிறார்கள். நான் கேட்டேனா? கேட்கவில்லை.

அன்றே பாடகரைப் பிடித்துக்கொண்டேன். கேசட் அட்டையில் அந்தப் பெண்ணின் பெயர் வர வேண்டும் என்றேன். அவள் பாடவில்லையே, எந்த வேலைக்கு நேராக எழுதுவது என்று கேட்டார்.

"தொட்டில் ஆட்டுனது யாரு? அத எழுது" என்றேன்.

அப்படி யாரும் எழுதுவதில்லை என்றார். சாவுக்கு ஒரு பக்கம், பிறப்புக்கு ஒரு பக்கம் என்று கேசட் போடுவதும் யாரும் செய்வதில்லைதான், நீ செய்யவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். எழுதுகிறேன் என்றார். இந்தத் தடவை கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்கை வாங்கினேன்.

பாட்டுக் காலேஜ் தைக்காட்டில்தான். வேலை முடிந்து மூன்று நாள் அந்த வாசலில் போய் நின்றேன். மூன்றாவது நாள்தான் அந்தப் பெண் கண்ணில் பட்டாள். உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது பிள்ளே, தப்பு எனக்குத்தான் என்றேன். என் வயதில் அதை நடுரோட்டில் நின்று சொல்வது லேசு இல்லை. சொன்னேன். அவள் ஒளித்து மறைத்துப் பேசவில்லை.

"சங்கடம் உண்டு அம்மே. வீட்டுக்குப் போய்க் கரைஞ்சேன்" என்றாள். அழுதேன் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு, அந்தப் பாட்டைத் தான் பாடியிருந்தால் பரீட்சையில் பாடுகிற மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

கேசட் வந்தது. பெரிதாக ஓடவில்லை. எஞ்சினியர் அட்டையைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினார். கீபோர்டு இன்னார், கிட்டார் இன்னார், ஒப்பாரியும் தாலாட்டும் இன்னார். அதற்குக் கீழே, தொட்டில் இன்னார் என்று அவள் பெயர். அச்சுப் பிழையோ என்று கடைக்காரர்கள் கேட்டார்களாம். ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் தைக்காட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்தேன். தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

பாடகர் இன்று குடும்பமும் குழந்தையுமாக நன்றாக இருக்கிறார். அந்தப் பெண் ஏதோ பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடம்பிடிக்கிற என் குணம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் எதற்காகவாவது நகரமாட்டேன் என்று உட்காரும்போதெல்லாம், இந்த இடத்தில் எனக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.