எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கத்து ரதி

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முருகையா என்று ஒரு கவ்வாத்துக்காரன் இருந்தான். தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிவிடுவது அவன் பிழைப்பு. மாசி மாதம் வந்துவிட்டால் மட்டும் அவன் ரதி. காமன் கூத்தில் மன்மதனின் பெண்டாட்டி. சேலை கட்டி, சிவன் எரித்த புருசனுக்காக அவன் அழுது பாடினால் கங்காணிமாரே மூக்கைச் சிந்துவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு குரல்!

அந்தக் குரலோடு நாடகக் கம்பனியில் சேர வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தோட்டத்து லயக் குடியிருப்பில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே! பதுளையில் கொட்டகை போட்டிருந்த தர்மராசா அண்ணாவியாரின் கம்பனி பெண்வேசம் கட்டிப் பாட ஆள் தேடுகிறது, பங்குனியில் குரல் பார்த்து எடுப்பார்கள் என்று மர்ஸூக் நானா சேதி கொண்டுவந்தார். லுணுகலையில் தையல்கடை வைத்துக்கொண்டு கம்பனிக்கு உடுப்புத் தைத்தவர் அவர். கடையில் பழைய ஹார்மோனியப் பெட்டி ஒன்றும் இருந்தது. ஞாயிறு தவறாமல் முருகையா அங்கே போய்ப் பாடினான். கூத்தில் தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே கூவிப் பழகிய தொண்டை, சுருதிக்குள் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“மலையில கூவுறாப் போல கூவாத முருகையா. பெட்டி நிக்கிற எடத்துல நீயும் நில்லு,” என்பார் நானா.

பீடியை விட்டான், புளியை விட்டான். கொழுந்து மலையில் தனியாகப் பாடிப் பார்த்தான். சில மாதத்தில் தொண்டை வழிக்கு வந்தது.

இதற்கிடையே கூத்தும் வந்தது. பிள்ளை வேண்டி மூன்று வருசம் ரதி வேசம் கட்டுவதாக நேர்ந்திருந்தான், இது மூன்றாவது. மனைவி மாரியாயிக்கு இப்போது ஐந்து மாதம். கூத்து மாசியில், குரல் பார்ப்பது பங்குனியில், இரண்டும் இடிக்காது என்று நம்பிக் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவன் காமனை எரித்து முடிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

அந்த வருசம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பதுளையில் கொட்டகை நிரம்பவில்லை. கம்பனி மூட்டை கட்டி மட்டக்களப்புக்குக் கிளம்பிவிட்டது. காமன் எரிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நானா சும்மா இருக்கவில்லை. லுணுகலை வழியாக வந்த கம்பனி லொறியை மறித்து ஏறிக்கொண்டு, தோட்டத்து முகப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆனால் துரையின் உத்தரவில்லாமல் வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று காவல்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். அண்ணாவியாரால் உள்ளே வர முடியவில்லை. முருகையாவால் வெளியே போக முடியவில்லை. நடுவில் ஒரு எல்லைக்கல். என்ன சோதனையப்பா இது!

கடைசியில் லொறிக்குள்ளிருந்தே ஹார்மோனியத்தை அமுக்கினார்கள். முருகையா கல்லை ஒட்டி நின்று பாடினான். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

“சோக்கான குரல் தம்பி! இப்பவே ஏறும். இன்னும் மூண்டு நாளிலை மட்டக்களப்பிலை நாடகம்,” என்றார் அண்ணாவியார்.

முருகையா திரும்பிப் பார்த்தான். லயமே பின்னால் கூடி நின்றது. கூத்து வாத்தியார் அழகர் முன்னால் வந்தார்.

“போறதுன்னா போப்பா, நான் புடிச்சு வைக்கல. ரதி இல்லாம காமன எரிக்க முடியாது, அவ்வளவுதான்.”

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் மாரியாயி. “ஆனா நீங்க போங்க.”

அப்படிச் சொன்ன பிறகு எவன் போவான்? அவனுக்குக் கால் வரவில்லை.

“மூணா நாள் வந்திடுறேங்க,” என்றான் கெஞ்சலாக.

“பாத்துக்கொண்டிருப்பன், வாரும்,” என்று சொல்லிவிட்டு அண்ணாவியார் போய்விட்டார்.

காமன் எரியும்போது அடக்கிப் பாடித் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தான். தீ எழுந்ததும் மாரியாயி முன்வரிசையில் கைகூப்பி நிற்பதைக் கண்டான். நேர்த்திக்கு நின்று கள்ளக்குரலில் பாடினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? விடியும்வரை மார்பில் அடித்துக்கொண்டு உள்ளதையெல்லாம் கொட்டிப் பாடினான். அன்றைக்கு அழாத ஆளில்லை.

காப்பை அவிழ்த்த கையோடு பஸ் ஏறி மட்டக்களப்பில் இறங்கினான். அண்ணாவியார் சொன்ன சொல் தவறாமல் ஆளெடுக்காமல் வைத்திருந்தார். ஹார்மோனியம் சுருதி கொடுத்தது. முருகையா வாயைத் திறந்தான். வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றான். கதவு கிரீச்சிட்ட மாதிரி ஏதோ வந்தது.

“றோட்டிலை கேட்ட குரல் எங்கை தம்பி?” அண்ணாவியார் பதறிப்போனார். “இண்டைக்குப் பின்னேரம் நாடகமெல்லே! நான் என்ன செய்ய?”

பதில் சொல்லவும் முருகையாவுக்குக் குரல் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். சாயங்காலம் உள்ளூர்ப் பையன் ஒருவன் அந்த வேசத்தைக் கட்டினான். பிறகு அவனே நிலைத்துவிட்டான். கம்பனி மறுபடி பதுளைப் பக்கம் வரவேயில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மலையில் வெட்டிக்கொண்டிருந்தபோது முருகையா சும்மா முனகிப் பார்த்தான். குரல் வந்தது. மேலே ஏற்றினான், தங்குதடையின்றி ஏறியது. கத்தியைப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தான்.

“இப்ப எதுக்கு வந்த?” என்று தன் குரலையே திட்டித் திட்டி அழுதான். “இப்ப வந்து என்னத்தக் கிழிக்கப் போற?”