அண்ணன் மாற்றி எழுதாத உயில்

அண்ணனுடைய முதல் ஆண்டு நினைவு மலருக்கு உடன்பிறந்தவள் என்ற முறையில் நானும் எழுத வேண்டும் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத்து முன்னே பின்னே இருக்கும், மறதியும் சேர்ந்துவிட்டது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் மாரிகுப்பத்தில் பிறந்தார். அவர் மூத்தவர், நடுவில் நான், கடைசியில் தம்பி. அப்பா தவறியதும் படிப்பை விட்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்தில் இறங்கினார். அவர் சம்பளத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது, தம்பி காலேஜுக்குப் போனான். மிச்சம் பிடித்து ராபர்ட்சன்பேட்டையில் சின்னதாக ஒரு வீடும் கட்டினார்.

ஒருமுறை கீழே பாறை வெடித்து, அதே ஷிப்டில் இருந்த அவருடைய நண்பர் இறந்துபோனார். அண்ணன் ஆடிப்போய்விட்டார். உடனே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் உயில் எழுதிப் பதிவு செய்தார். தமக்குப் பின் வீடு அண்ணிக்கு, அண்ணி இல்லாவிட்டால் தம்பிக்கு. அப்போது அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இறந்த நண்பருக்கு ஒரு கைக்குழந்தை; பெற்றவளும் பிரசவத்திலேயே போய்விட்டவள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சில மாதம் கழித்து அண்ணனும் அண்ணியும் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அவள்தான் செல்வி. தத்து என்று காகிதம் எதுவும் எழுதவில்லை. மகளுக்கு எதற்குக் காகிதம் என்று இருந்துவிட்டார்கள்.

சுரங்கம் மூடிய பிறகு, உயிலை மாற்றி எழுதுங்கள் என்று அண்ணி நச்சரிப்பார்.

“உயிலெல்லாம் கேஜுல கீழ எறங்குறவனுக்குத்தாண்டி. நான்தான் மேல வந்துட்டனே, இனிமே எனக்கு இன்னா ஆவப்போவுது?” என்பார் அண்ணன்.

“மேல இருக்கறவங்க சாவறதே இல்லியா? சுடுகாடு சுரங்கத்துல எந்த லெவல்ல கீது, சொல்லுங்க பாக்கலாம்!”

அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பார். அதோடு பேச்சு போய்விடும். இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் பலரும் அப்படித்தான், சாவைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தார்கள்.

அண்ணிதான் முதலில் போனார். பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் சேர்ந்த தூசி வேலையைக் காட்டியது. ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த செல்வி, வேலையை விட்டுவிட்டு அவர் கூடவே இருந்தாள். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். அவர் சாய்ந்துகொள்ளத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள்.

கடைசிப் பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தோம். அண்ணன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “இந்த வூடு செல்விக்குத்தான். எல்லாரும் கேட்டுக்கினீங்களா?”

“கேட்டுக்கினோம்ணா. அடுத்த வாரம் ஆபீசுக்குப் போயி மாத்திடலாம். நீ மொதல்ல கஞ்சியக் குடி” என்றான் தம்பி.

அந்த வாரம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் தம்பியின் பிள்ளைகள் பழைய உயிலை எடுத்தார்கள். வாய்ச்சொல் செல்லாது, உயிலில் இருப்பதுதான் என்று வக்கீலும் சொல்லிவிட்டார். இப்போது வீட்டை விற்கப் பேசுகிறார்கள். செல்வி சண்டை போடவில்லை. “அத்தே, நைனா போட்டோவ மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டாள். அப்பா படத்துக்கு மகள் அனுமதி கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அழுதேன்.

ஆகவே உறவுகளே, உயில் எழுதாதவர்கள் உடம்பில் தெம்பு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எழுதி வைத்தவர்கள் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் வந்தாலும் போனாலும் மாற்றி எழுதுங்கள். அண்ணன் மனசு எங்களுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது.

அண்ணனைத் தோளில் சுமந்துபோன அவருடைய பழைய ஷிப்ட் நண்பர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நான் எழுதியதில் பிழை இருக்கலாம். தம்பி, நீ படித்தவன். பொங்கலன்று அண்ணன் சொன்னதும் நீ சொன்னதும் இப்படித்தானா என்று நீயே பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பென்றால் எல்லோர் முன்னாலும் திருத்து, அக்கா வருத்தப்பட மாட்டேன். சரியென்றால், உனக்கு வந்ததை அவள் பெயருக்கு நீ எழுதிக் கொடுக்கலாமாம். அதையும் வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.