எழுபத்தொன்றாம் எண்ணில் இரும்பு

பாம்பன் பாலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டேன். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு சட்டை, ஒரு ஸ்குரூடிரைவர், பாதி தேய்ந்த பென்சில் ரப்பர். பின்னால் ராமநாதபுரம். முன்னால் என்ன என்று தெரியாது. காலை ஏழு மணிக்கே காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது.

ஏன் நடந்தேன்? மண்டபம் வரை ஒரு லாரிக்காரர் ஏற்றி வந்தார். அதற்கு மேல் லாரி போகவில்லை. நான் போனேன். அவ்வளவுதான்.

முந்தின நாள் மதியம் வரை எனக்கு ஒரு வேலை இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு காப்பி எடுத்துக் கொடுக்கும் வேலை. கேசட் காலம் முடிந்து சிடி வந்திருந்த நேரம். ஒரு கேசட்டில் பன்னிரண்டு பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன், ஒரே தட்டில் நூற்றுச் சொச்சம் பாட்டு ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். சினிமாப் பாட்டுக் கம்பெனிக்காரர்களும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அவர்கள் போலீஸ் வேனோடு வந்தார்கள். முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நானும் கம்ப்யூட்டரும் வேனில் ஏறினோம். கம்ப்யூட்டரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். என்னைச் சாயங்காலம் வெளியே விட்டுவிட்டார்கள்.

விடும்போது எஸ்.ஐ. கேட்டார்.

"காப்பிரைட்னா என்னன்னு தெரியுமாடா?"

"தெரியாது சார்."

"எத்தனாவது படிச்ச?"

"எட்டு... பாதி."

"போ. போயித் தெரிஞ்சுக்க."

அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் லாரி. அப்புறம் பாலம்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், தன் செல்போனிலிருந்து என் செல்போனுக்கு ஒரு பாட்டை அனுப்பிவிட்டு, "இது திருட்டாகுமா சார்?" என்று கேட்டார். பதிலுக்கு இந்தக் கதையைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது. முழுவதும் உங்களுக்கு.

பாலம் இறங்கியதும் ஒரு டீக்கடை. கடைக்காரரின் ரேடியோ இருமிக்கொண்டிருந்தது. சரிசெய்து தருகிறேன், ஒரு டீயும் பன்னும் போதும் என்றேன். பத்து நிமிடத்தில் ரேடியோ பேசியது. நான் பன்னைத் தின்றேன். முந்தின நாள் காலைக்குப் பிறகு அதுதான் முதல் சாப்பாடு.

"தம்பி, இதையும் பாப்பீகளா?"

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கையில் மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். செல்போனைவிடக் கொஞ்சம் தடியான ஒரு கருவி. ஜி.பி.எஸ். கடலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று வானத்துச் சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லும் பெட்டி. கேள்விப்பட்டிருந்தேன். தொட்டது அன்றுதான்.

அவர் பெயர் மெற்றில்டா. கணவர் வள்ளக்காரர், சொந்தப் படகில் மீன்பிடித்தவர். மஞ்சள் காமாலையில் போய் ஆறு மாதம். அவர் விட்டுப்போனது இரண்டு... ஒரு ஃபைபர் வள்ளம், இந்தப் பெட்டி. மீன் கிடைத்த இடத்தில் எல்லாம் ஒரு பட்டனை அமுக்கி, அந்த இடத்தைப் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். நூற்று முப்பத்தெட்டு இடங்கள். ஏழெட்டு வருடக் கடல். இப்போது அமுக்கிப் பிடித்தால்தான் திரை எரிகிறது. விட்டால் அணைகிறது.

"இது செத்துச்சுன்னா அந்த எடமெல்லாம் போயிரும் தம்பி. ஈஸ்டருக்குள்ள மீனு படலைன்னா வள்ளத்த விக்கிறதுன்னு வீட்டுல பேசியாச்சு."

"பஜார்ல யாருகிட்டயும் காட்டலையாக்கா?"

"காட்டுனேன். செல்லுக் கடைக்காரன் ரெண்டு நாளு வச்சிருந்துட்டு, ஆகாதுன்னு குடுத்துட்டான்."

கடற்கரையில் வலை தைக்கும் ஓலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய அண்ணன் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். மச்சான் போனபின் தங்கச்சி வள்ளத்தை ஓட்டுவது அவர்தான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். எடத்தப் பொட்டியில போடாதன்னு. பொட்டியில போட்டா எவனும் எடுத்துருவான். மண்டையில இருந்தா எவன் எடுப்பான்?"

"மண்டையில மட்டும் இருந்திருந்தா அவரோடயே போயிருக்கும்ணே."

சவரி ஊசியை எடுத்தார். வலையைத் தைத்தார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் கண்டுபிடித்த மீன் இடத்தை இன்னொருத்தன் கேட்கக்கூடாது. அண்ணன் தம்பியானாலும், மாமன் மச்சானானாலும். கரையில் தெரியும் கோபுரம், பனை, லைட் ஹவுஸ் இவற்றை நேர்பிடித்து அவரவர் இடத்துக்குப் போவார்கள், வருவார்கள். எங்கே என்று வாய் திறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பெட்டி வந்தபோது எதிர்ப்பு வராமல் இருக்குமா? ஒரு பட்டனில் கடலைக் காப்பி எடுக்கலாம் என்றால்?

பெட்டியைத் திறந்தேன். பேட்டரி முனையில் உப்பு பூத்திருந்தது. பிளேடால் சுரண்டி, பென்சில் ரப்பரால் தேய்த்தேன். திரை எரிந்தது. ஆனால் உள்ளே ஒரு இணைப்பு அரித்துப் போயிருந்தது. எத்தனை நாள் ஓடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, ஒரு நோட்டுக் குடுங்க. எல்லாத்தையும் கையால எழுதிருவோம்."

எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை எண், அதன் பக்கத்தில் இரண்டு நீளமான எண்கள். ஒன்று ஒன்பதில் தொடங்கும். மற்றது எழுபத்தொன்பதில் தொடங்கும். வேறு ஒரு வார்த்தை கிடையாது. என்ன மீன், எந்த மாதம்... ஒன்றும் இல்லை. கணவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தட்டத் தெரியாது. பெட்டி தானாகக் கொடுத்த எண்ணோடு விட்டுவிட்டார்.

"வெறும் நம்பரா இருக்கேக்கா. இத வச்சு என்ன பண்றது?"

"நீங்க நம்பரச் சொல்லுங்க."

"ஏழு."

"நகரை மீனு. மழை பெஞ்சு ரெண்டாம் நாளு."

"இருபத்திரெண்டு?"

"கணவாய். நெலா இல்லாத நாளைக்கு."

"நாப்பத்திமூணு?"

"விளமீனு. பெருசு. எங்க கடைசிப் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு மொத நாளு பட்டுச்சு. சாமியாருக்கு ஒண்ணு குடுத்தோம்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கேட்டேன். நூற்றுப் பத்து. பதினாறு. எண்பத்தைந்து. ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. கடலுக்கு ஒரு நாளும் போகாத பெண். கணவர் கரைக்கு வந்ததும் மீனைக் கையில் கொடுத்து நம்பரைச் சொல்வாராம். அந்த மீனை ஏலத்தில் கொண்டுபோய் விற்றது இவர்.

"நான் வித்த மீனு எனக்கு மறக்குமா தம்பி?"

எங்கள் கடையில் இரண்டாயிரம் பாட்டு இருந்தது. லிஸ்ட் இல்லாமல் எனக்கு ஒரு பாட்டு எடுக்கத் தெரியாது. இவர் ஒரு கடலையே உட்கார்ந்த இடத்தில் சொல்கிறார்!

"எழுபத்தொண்ணு?"

"அது மீனு இல்ல. இரும்பு. பழைய கப்பல் ஏதோ ஒடைஞ்சு அடியில கெடக்கு. எங்க வலை பாதி இன்னும் அங்கனதான் இருக்கு. இனிமே போயிறக் கூடாதுன்னு பதிஞ்சு வச்சாரு."

அப்படிப்பட்ட இடங்கள் பத்தொன்பது. போக வேண்டிய இடத்துக்கும் போகவே கூடாத இடத்துக்கும் பெட்டியில் ஒரே மாதிரி எண்தான். வித்தியாசம் மெற்றில்டாவின் தலைக்குள் இருந்தது.

நூற்று முப்பத்தெட்டையும் எழுதி முடிக்கும்போது மணி மூன்று. வள்ளங்கள் கரை ஏறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைச் சுற்றிக் கூட்டம். இன்னாசி என்பவருடைய வள்ளம். மெற்றில்டாவின் வள்ளத்தை விலைக்குக் கேட்டவர் அவர்தான். அவருடைய வலை நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

மெற்றில்டா எழுந்து போனார். நானும் நோட்டோடு பின்னால் போனேன்.

"என்ன இன்னாசி, எங்கன கிழிஞ்சுச்சு?"

"கடல்லதான் மதினி. ரோட்டுலயா கிழியும்?"

கூட்டம் சிரித்தது. மெற்றில்டா குனிந்து வலைக்குள் சிக்கியிருந்த ஒரு துண்டைப் பிடுங்கினார். துருப்பிடித்த இரும்பு. கையில் வைத்துப் பார்த்தார்.

"எழுபத்தொண்ணு" என்றார்.

இன்னாசி முகம் ஒரு கணம் மாறியது. உடனே சுதாரித்தார்.

"என்ன எழுபத்தொண்ணு? எனக்கு இந்த நம்பரு கிம்பரு எல்லாம் தெரியாது மதினி."

"தெரியலைன்னா நல்லது. தொண்ணூத்திரெண்டுக்குப் போகாம இருந்தாச் சரி."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான்கு எட்டு வைத்திருப்பார்.

"ஏன் மதினி... தொண்ணூத்திரெண்டுல என்ன?"

கரை அதிர்ந்தது. ஒருவர் சிரிப்பு தாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து கொட்டகையிலிருந்தே கத்தினார்.

"ஏலே! நம்பரே தெரியாதுன்னே? செல்லுக் கடையில ரெண்டு நாளு பொட்டிய வச்சிருந்தது ஒனக்கு நம்பரக் காப்பி எடுக்கத்தான்னு இப்பல்ல தெரியுது!"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். மெற்றில்டா சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

சவரி ஓடிவந்தார். "சொல்லாத மெற்றில்டா. போகட்டும். இன்னொரு வலை கிழிஞ்சாத்தான் புத்தி வரும்."

"வலை கிழிஞ்சாத் தச்சுக்கலாம்ணே. தொண்ணூத்திரெண்டு நங்கூரத்தப் புடிச்சுக்கிற பாறை. அன்னைக்குக் கயித்த அறுத்துவிட்டுத்தான் அவரு உசிரோட வந்தாரு. இவன் கூட மூணு பேரு போறான்."

"கல்லுக் கெடக்கிற எடத்தச் சொல்லிட்டா மிச்சமெல்லாம் மீனுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்ல!"

சவரி சொன்னது சரி. அங்கே நின்ற எல்லோருக்கும் அது சரி என்று தெரியும். அந்தப் பத்தொன்பதும் தெரியாதவரை திருடிய பட்டியல் செல்லாக் காசு. மெற்றில்டாவிடம் இருந்த ஒரே பூட்டு அதுதான்.

மெற்றில்டா யோசித்தார். அதிக நேரம் இல்லை.

"தம்பி, கல்லு இரும்பு கெடக்கிற நம்பரெல்லாம் சத்தமா வாசிங்க. யாருகிட்டப் பொட்டி இருக்கோ எல்லாரும் எழுதிக்கங்க."

வாசித்தேன். எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கு நான் அவ்வளவு சத்தமாக எதையும் வாசித்ததில்லை. பத்தொன்பது இடம். பெட்டி வைத்திருந்த ஐந்தாறு பேர் ஏற்றிக்கொண்டார்கள். பெட்டி இல்லாதவர்கள், எந்தக் கோபுரம் எதற்கு நேரே என்று கணவர் சொல்லியிருந்ததை மெற்றில்டாவிடம் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

யாரோ ஒருவர் மெதுவாகக் கேட்டார். "மீனு நம்பரு?"

"அது எங்க வீட்டுக்காரரு தேடுனது. நீங்களும் போயித் தேடுங்க. கல்லு ஊருக்குப் பொது. மீனு எங்க வீட்டுக்கு."

போலீஸ் வேன் இல்லை. வக்கீல் இல்லை. கம்பெனி ஆள் இல்லை. ஒரு நிமிடத்தில் மணலில் நின்றுகொண்டு சட்டம் போட்டுவிட்டார். எஸ்.ஐ. தெரிந்துகொள்ளச் சொன்னதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். எதைப் பூட்டி வைக்கலாம், எதைப் பூட்டி வைக்கவே கூடாது... இந்தக் கோட்டைப் பெரிய பெரிய கம்பெனிகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன.

அரை மணி நேரம் கழித்து இன்னாசி கொட்டகைக்கு வந்தார். தன் பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"அந்தப் பத்தொம்பத மட்டும் வச்சிட்டு, மதினி வீட்டு நம்பரு மத்ததெல்லாம் அழிச்சிரு தம்பி. எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறா."

நூற்றுப் பத்தொன்பது இடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். இன்னாசி எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்தார்.

மெற்றில்டா அண்ணனிடம் சொன்னார். "நாளைக்கு நாப்பத்திமூணுக்குப் போண்ணே."

"போறேன். ஆனா அந்தப் பொட்டிய நான் தொடமாட்டேன். இந்தத் தம்பிய ஏத்திவிடு. பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

மறுநாள் விடியும்போது வள்ளத்தில் இருந்தேன். மடியில் பெட்டி. வாழ்க்கையில் முதல் கடல் பயணம். மூன்று முறை வாந்தி. வேலை அதிகம் இல்லை. திரையைப் பார்த்து இடது, வலது என்று சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் சொன்னேன். அதற்குள் சவரி கையை நீட்டித் தடுத்தார்.

"போதும். இனிமே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப இத்தன நாளா ஏண்ணே வரல?"

"மச்சான் எடம்லே இது. தூரத்துல இருந்து எத்தனையோ தடவ பாத்திருக்கேன். தங்கச்சி வாயாலே போன்னு சொல்லாம எப்பிடி வர?"

ஆறு மாதம். வள்ளம் விலைக்குப் போகும் நிலை வந்தும், தெரிந்த இடத்துக்கு இந்த மனிதர் வராமல் இருந்திருக்கிறார். அவரைப் பார்த்தேன். அவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைட் ஹவுஸும் மாதா கோயில் கோபுரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியதும் எஞ்சினை நிறுத்தினார். தூண்டிலை இறக்கினார்.

பெட்டியைப் பார்த்தேன். நம்ப முடியவில்லை.

"அண்ணே, நாப்பத்திமூணுக்கு இன்னும் மூணு மீட்டருன்னு காட்டுது."

தூண்டில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. கனமான இழுப்பு. சவரி அதைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஒம் பொட்டிதாம்லே மூணு மீட்டரு தப்பு."

நான் எதிர்த்துப் பேசவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.