நாற்பது மைல் நீள ஊர்

“நாப்பது மைல் தள்ளி இருக்கிற வீடு எப்படிடி நம்ம ஊர் வீடாகும்?” என்று அம்மா கேட்டாள். வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான்தான்; எதையும் என்னிடம்தான் கேட்பாள்.

அம்மாவின் பெயர் லோர்னா. வட இங்கிலாந்தில், மெல்தோர்ப் என்ற கடலோர ஊரில், பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால், நகர மன்றம் கொடுத்த தற்காலிக அறையில் இருந்தோம். அடுத்த தெருவில் அம்மாவின் தம்பி, டெஸ்மண்ட் மாமா. பக்கவாதம் வந்தபின் அவருக்குத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காது; மூச்சுக்குழலுக்குள் போய்விடும். டீயில் மாவு கலந்து கெட்டியாக்கி, அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள்.

வீட்டுக்கு நகர மன்றம், மாமாவின் பராமரிப்புக்கு மாவட்ட மன்றம். ஒன்றிடம் போனால் மற்றதைக் கை காட்டும். அதனால், எல்லாவற்றையும் கலைத்து ஒரே மன்றமாக்கப் போகிறார்கள் என்றதும் அம்மா சமையலறையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். “இனிமே தட்டுறதுக்கு ஒரே கதவுதான்!”

புதிய மன்றம் கொடுத்த வீடு, மாவட்டத்தின் மறுகோடியில், கிராக்டேலில் இருந்தது. அம்மாவுடன் நானும் அலுவலகம் போனேன்.

“முழு மாவட்டமும் இப்ப எங்க எல்லைதான் மேடம். அதுக்குள்ள எங்க குடுத்தாலும் உள்ளூர்தான்” என்றார் அதிகாரி.

“என் தம்பியையும் நீங்கதானே இப்ப பாக்குறீங்க? அவனுக்கு யார் ஊட்டுறாங்கன்னு தெரியாதா?”

“அது வேற பிரிவு. அவங்க விவரம் எங்க கம்ப்யூட்டருக்கு இன்னும் வரல.”

“அப்ப எதைத்தான்யா சேத்தீங்க? வாசல் போர்டையா?”

அவர் சிரிக்கவில்லை. வேண்டாமென்றால் மன்றத்தின் பொறுப்பு முடிந்தது, வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

மாமாவைக் கூட்டிப் போகவும் வழியில்லை. அந்த வீடு மாடியில். அவரோ சக்கர நாற்காலியில்.

“போ லோர்ன்,” என்றார் மாமா, வாய் குழற. “நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளையா இருந்தா இடுப்புல தூக்கிட்டுப் போயிருப்பேன்டா, எருமை.”

இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

வீட்டை ஏற்றுக்கொண்டே மேல்முறையீடு செய்தோம். பதில் வரவில்லை. அம்மாவின் வேலை போயிற்று. தினமும் மூன்று பேருந்து மாறி அவள் மெல்தோர்ப் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். காலைக்கு ஒரு பணியாளரை அனுப்பக் கேட்டோம். வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள்.

போன வாரம் ஒரு காலையில் தாகம் பொறுக்காமல் மாமா தானே குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்திருக்கிறார். அது நுரையீரலில் இறங்கிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறார். பிழைப்பாரா என்று கேட்டால், மருத்துவர்கள் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்கள்.

அடுத்து எந்த ஊரின் மன்றங்களை இணைக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கே உங்களுக்கு ஒருவரைத் தெரிந்திருந்தாலும், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள். எங்கள் அம்மாவைப் போல அவர் கேக் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.